வெந்நீர் ஏன் வெதுவெதுப்பாகிறது?

பிரிட்டனில் பணிபுரியும் மகனையோ மகளையோ பார்க்கச் செல்லும் பெற்றோர் பலர், அங்கு சில மாதங்கள் தங்கித் திரும்புகிறார்கள். பேரக்குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை பெரும்பாலும் அவர்களிடம்தான் வந்து சேரும். ஜனவரி மாதக் காலைப்பொழுதில் குளியல் தொட்டியின் குழாயைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்து, "இன்னும் சூடு வரவில்லையே" என்று காத்து நின்ற அனுபவம் அவர்களில் பலருக்கு இருக்கும். நீர் சில்லென்றும் இருக்காது; சுடவும் செய்யாது. வெந்நீர் அடியோடு நின்றுவிட்டால் உடனே ஆளைக் கூப்பிட்டுவிடலாம். வெதுவெதுப்பு அப்படியல்ல. பழுதா, இயல்பா என்று தெரியாத இந்த இடைநிலையில்தான் தேவையற்ற செலவுகள் பிறக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் தெற்கு லண்டனில் என் மகள் வீட்டில் இந்த நிலை ஏற்பட்டது. பார்வையிட வந்தவர் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. பாய்லர் பதினோரு ஆண்டு பழையது, பழுது பார்ப்பது வீண், புதிது பொருத்திவிடுவதே நல்லது என்றார். மறுநாள் மின்னஞ்சலில் விலை மதிப்பீடு வந்தது. சில ஆயிரம் பவுண்டு. மகளும் மருமகனும் தவணைத் திட்டங்களை ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் அந்த மதிப்பீட்டை இரண்டு முறை படித்தேன். புதிய கருவியின் சிறப்புகள் ஒரு பக்கத்துக்கு இருந்தன. பழைய கருவியில் என்ன கோளாறு என்பது மட்டும் எங்கும் இல்லை.

கோளாறு இன்னதென்று தெரியாமலே தீர்வை விலைக்கு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நான் பொறியாளன் அல்லன், பொருளியல் ஆசிரியன். ஆனாலும் இந்தக் கருவி செயல்படும் விதம், பள்ளிக்கூட இயற்பியல் தெரிந்த எவருக்கும் விளங்கக் கூடியதே. அதை விளங்கிக்கொண்டால், எந்த இடத்தில் தவறு இருக்கக்கூடும் என்பதைக் கருவியைத் திறக்காமலேயே பெருமளவு ஊகித்துவிடலாம்.

நம் ஊரில் குளியலறையில் மாட்டியிருக்கும் வெந்நீர்க் கருவியை "கீசர்" என்கிறோம். அந்தப் பெயர் லண்டனில் பிறந்தது. 1868-இல் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றை உருவாக்கி, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் வகையில் அதற்கு அப்பெயரை வைத்தார். புகைபோக்கி இல்லாத ஆபத்தான கருவி அது. இன்றைய பிரிட்டனில் அந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. நாம்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மாகனுடைய கருவியின் தூரத்து வாரிசு என்று இன்றைய "காம்பினேஷன் பாய்லர்" கருவியைச் சொல்லலாம். சுருக்கமாக "காம்பி" என்பார்கள். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாயில் வரும் வெந்நீருக்கும் ஒரே கருவி என்பதால் இப்பெயர். பிரிட்டிஷ் வீடுகளில் இன்று மிகப் பரவலாக உள்ள வகை இதுவே. பெரும்பாலும் சமையலறைச் சுவரில் ஓர் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும். பழைய முறையில், பெரிய செப்பு உருளை ஒன்றில் வெந்நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துச் செலவழிப்பார்கள். காம்பியில் சேமிப்பே கிடையாது. குழாயைத் திறக்கும் கணத்தில்தான் அது நீரைச் சூடாக்கத் தொடங்கும், மூடியதும் நிறுத்திவிடும். சொல்லப்போனால் அது ஓர் அன்றாடங்காய்ச்சி. கையிருப்பு இல்லாதவன் எதிர்கொள்ளும் எல்லாச் சங்கடங்களும் அதற்கும் உண்டு.

குழாயைத் திறந்ததும், உள்ளே ஒரு சிறு சக்கரம் சுழன்று நீர் ஓடுவதைத் தெரிவிக்கிறது. உடனே பர்னர் பற்றிக்கொள்கிறது. ஆனால் சுடர், நாம் குளிக்கும் நீரை நேரடியாகச் சூடாக்குவதில்லை. ரேடியேட்டர்களில் சுற்றிவரும் உள்சுற்று நீரைத்தான் சூடாக்குகிறது. வெந்நீர் தேவைப்படும்போது, டைவர்ட்டர் வால்வு எனப்படும் திசைமாற்றி அந்த நீரை ரேடியேட்டர் பாதையிலிருந்து விலக்கி, தகட்டு வெப்பமாற்றி என்ற சிறிய கட்டைக்குள் திருப்பிவிடுகிறது. கையடக்கமான அந்தக் கட்டையில் மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகட்டின் இப்புறம் பாய்லரில் சூடேறிய நீர். அப்புறம் தெருக்குழாயிலிருந்து வரும் குளிர்நீர். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் தகட்டைக் கடந்து செல்கிறது. வெளியேறும் நீரின் சூட்டை ஓர் உணரி அளந்துகொண்டே இருக்க, அதற்கேற்பச் சுடர் கூடியும் குறைந்தும் எரிகிறது. இவ்வளவுதான் கருவி. சக்கரம், திசைமாற்றி, தகடு, உணரி, சுடர் ஆகிய ஐந்தில் எது தடுமாறினாலும் குளியலறையில் நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: வெதுவெதுப்பு.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு குழாயில் மட்டும் இப்படியா, எல்லாக் குழாய்களிலும் இப்படியா என்பது. சமையலறைக் குழாயில் நீர் நன்றாகச் சுடுகிறது, ஷவரில் மட்டும் சுடவில்லை என்றால் பாய்லரைக் குறை சொல்வதில் பொருளில்லை. குளியலறைக் குழாய்களில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு இருக்கக்கூடும். குழந்தைகளும் முதியோரும் வெந்துவிடக் கூடாது என்பதற்காக, 2010 முதல் இங்கிலாந்தில் கட்டப்படும் புதிய வீடுகளில் குளியல் தொட்டிக்கு வரும் நீர் 48 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கட்டட விதி சொல்கிறது. அந்த வால்வில் அழுக்கோ சுண்ணாம்போ அடைத்துக்கொண்டால், தண்ணீரின் பங்கு கூடிவிடும். இன்னொரு வகைக் குறும்பும் உண்டு. பழுதான ஒரு ஷவர் வால்வின் வழியாகத் தண்ணீர், வெந்நீர்க் குழாய்க்குள் கசிந்து எல்லாக் குழாய்களின் சூட்டையும் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க, பாய்லருக்குள் செல்லும் தண்ணீரை அதன் அடைப்பானில் மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். குழாயில் தேங்கியிருந்த நீர் வடிந்ததும் ஓட்டம் நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஓடினால், அந்த நீர் பாய்லர் வழியாக வரவில்லை என்பது உறுதி.

எல்லாக் குழாய்களிலும் வெதுவெதுப்பு என்றால், அடுத்து வேண்டியது ஓர் அளவு ஜாடியும் விநாடி முள் உள்ள கைக்கடிகாரமும்.

ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எந்த நிறுவனத்தின் பாய்லரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சிறிய வீடுகளில் பரவலாக உள்ள 24 கிலோவாட் காம்பியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நிமிடத்தில் தரும் வெப்பத்தைக் கொண்டு, லிட்டரையும் டிகிரியையும் பெருக்கினால் சுமார் 343 வரும் அளவுக்குத்தான் நீரைச் சூடாக்க முடியும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 34 டிகிரி ஏறும். 14 லிட்டர் ஓடினால் 24 டிகிரிதான் ஏறும். இது கருவியின் உச்ச வரம்பு. குமிழை எவ்வளவு திருகினாலும் இதற்கு மேல் போகாது.

இனிப் பருவத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் தெருக்குழாய் நீர் 16 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 14 லிட்டர் ஓடும்போது 40 டிகிரி வெந்நீர் கிடைக்கும். குளிக்க அது போதும். கடுங்குளிர் காலத்தில் அதே நீர் 5 டிகிரியில் உள்ளே வரும். அதே குழாயை அதே அளவு திறந்தால் கிடைப்பது 29 டிகிரி. மனித உடலின் சூட்டைவிடக் குறைவு. கையில் பட்டால் வெதுவெதுப்பு என்றுகூடத் தோன்றாது. ஜூலையில் நன்றாக வேலை செய்த கருவி ஜனவரியில் கெட்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம். கெட்டது எதுவுமில்லை, மாறியது உள்ளே வரும் நீர். குழாயைச் சற்று மூடி ஓட்டத்தை 9 லிட்டராகக் குறைத்தால் அதே கருவி 43 டிகிரியில் நீரைத் தரும். நம் ஊரில் 3 கிலோவாட் மின் கருவியைக் கொண்டே உடனடி வெந்நீர் பெற முடிவதற்கும், பிரிட்டனில் அதைப் போல் எட்டு மடங்கு திறனுள்ள கருவியும் திணறுவதற்கும் காரணம் இதுவே. மார்கழியில்கூடச் சென்னைக் குழாய் நீர் பாதி வழி சூடேறித்தான் நம் வீட்டுக்குள் வருகிறது.

சோதனை எளிது. சமையலறையின் வெந்நீர்க் குழாயை முழுவதும் திறந்து 2 லிட்டர் ஜாடியை நிரப்புங்கள். 12 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். பிறகு ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு நிமிடம் பொறுத்துக் கையை வையுங்கள். நீர் இப்போது நன்றாகச் சுட்டால், அநேகமாகப் பாய்லர் நலமாகவே இருக்கிறது. நாம்தான் அதன் சக்திக்கு மேல் கேட்கிறோம். ஒருவர் குளிக்கும்போது மற்றொருவர் பாத்திரம் கழுவக் குழாயைத் திறப்பதும் இதே கணக்குதான். இருக்கும் வெப்பம் இரண்டாகப் பங்கு பிரியும். இப்படிப்பட்ட வீட்டில் அதே திறனுள்ள புதிய பாய்லரைப் பொருத்தினாலும் அடுத்த ஜனவரியில் அதே வெதுவெதுப்புதான் வரும். புதிய பாய்லர் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களும், விளம்பரத் தாளில் கிலோவாட்டையும், 35 டிகிரி உயர்வுக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறித்திருப்பதையும் பார்த்தால் போதும், மற்றவை அலங்காரம்.

ஓட்டத்தைக் குறைத்தும் சூடு ஏறவில்லையானால், குமிழ்களைப் பாருங்கள். பெரும்பாலான காம்பிகளில் ரேடியேட்டருக்கு ஒரு கட்டுப்பாடும் குழாய் நீருக்கு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. எரிவாயு விலை ஏறிய 2022-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ரேடியேட்டருக்குச் செல்லும் நீரின் சூட்டை 60 டிகிரியாகக் குறைத்துக்கொள்ளுமாறு பிரிட்டன் அரசே மக்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல அறிவுரை. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் போதிய அளவு குளிர்ந்திருந்தால்தான் புகையிலுள்ள நீராவி நீராக மாறி, அதன் வெப்பம் வீணாகாமல் மீளக் கிடைக்கும். ஆனால் அவசரத்தில் குழாய் நீரின் குமிழைத் திருகிவிட்டு, வெந்நீர் போதவில்லையே என்று வருந்துவோரும் உண்டு. குழாய்ப் படமோ சொட்டு நீர்ப் படமோ போட்ட குமிழே வெந்நீருக்கானது. அதோடு, "ஈக்கோ" நிலையில் வைத்திருந்தால் முதல் ஓரிரு நிமிடங்கள் குளிர்நீர் வருவது இயல்பு. முகப்பிலுள்ள அழுத்தமானியையும் ஒருமுறை நோக்க வேண்டும். கருவி குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருப்பது வழக்கம். மிகவும் கீழே போயிருந்தால் கையேட்டில் சொல்லியபடி நிரப்பிக்கொள்வதை வீட்டுக்காரரே செய்யலாம். அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

இனி உள்ளுறுப்புகள். இங்கே என் சொந்தத் தவறொன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தையும் கையேட்டையும் படித்துவிட்டு, டைவர்ட்டர் வால்வுதான் குற்றவாளி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த வால்வு பாதியில் சிக்கிக்கொண்டால், பாய்லரின் வெப்பத்தில் ஒரு பகுதி ரேடியேட்டர்களுக்கு ஓடிவிடும். குழாய்க்கு மிச்சம்தான் கிடைக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துவிட்டு மாடிக்குச் சென்று ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. "கண்டுபிடித்துவிட்டேன்" என்று மருமகனிடம் பெருமையாகச் சொன்னேன். வீட்டுச் சூடாக்கியை நிறுத்தி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது என்பதை அவர் மிகவும் பணிவாக நினைவூட்டினார். ரேடியேட்டரில் நான் தொட்டது பழைய சூடு. முறையான சோதனைக்கு, சூடாக்கியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து, ரேடியேட்டர்கள் முற்றிலும் ஆறிய பிறகு வெந்நீர்க் குழாயைப் பத்து நிமிடங்கள் ஓடவிட வேண்டும். அப்போதும் ரேடியேட்டரோ அதற்குச் செல்லும் குழாயோ சூடேறினால்தான் வால்வைச் சந்தேகிக்கலாம். மறுநாள் காலை அப்படிச் செய்து பார்த்தோம். ரேடியேட்டர்கள் சில்லென்றே இருந்தன.

உண்மைக் காரணம் வேறு ஓர் அறிகுறியில் இருந்தது. நீர் எப்போதும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இல்லை. முதலில் நன்றாகச் சுட்டது. ஒரு நிமிடத்தில் சூடு தணிந்தது. பிறகு மீண்டும் ஏறியது. கூர்ந்து கேட்டால், பாய்லரின் பர்னர் எரிவதும் அணைவதுமாக இருந்தது. இந்த ஏற்றயிறக்கம் தகட்டு வெப்பமாற்றியில் அடைப்பு என்பதற்கான அடையாளம். தகடுகளின் மேல் படிவு ஏறிவிட்டால் வெப்பம் அதைக் கடந்து குடிநீருக்குச் செல்ல முடியாது. சுடர் தரும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லாததால், உள்சுற்று நீர் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. அபாயத்தைத் தவிர்க்கக் கருவி தன் சுடரைத் தானே அணைத்துக்கொள்கிறது. ஆறியதும் மீண்டும் எரிகிறது. அதாவது, உள்ளே வெப்பம் மிகுந்து போவதால்தான் வெளியே சூடு குறைகிறது!

லண்டனில் இது வியப்பல்ல. அந்நகரின் குடிநீர் தேம்ஸ், லீ ஆறுகளிலிருந்தும் நிலத்தடிச் சுண்ணப்பாறைகளிலிருந்தும் வருகிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரும்பகுதி சுண்ணப்பாறையின் மேல் அமைந்திருப்பதால், மழைநீர் அதில் ஊறிச் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பெரும்பாலான உப்புகள் சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறானது. சூடுபடுத்தும்போது கரைந்திருந்த கரியமிலவாயு வெளியேற, கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் நம் வீட்டுப் பாத்திரங்களில் படிகிற அதே வெள்ளைதான். நீர் எங்கே மிகுதியாகச் சூடாகிறதோ, எங்கே வழி மிகக் குறுகலாக உள்ளதோ, அங்கே அது முதலில் குடியேறும். தகட்டு வெப்பமாற்றியில் இரண்டும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. கிளாஸ்கோவில் இருக்கும் உறவினருக்கு இந்தத் தொல்லை இராது. 1859 முதல் அந்நகருக்கு நீர் வழங்கிவரும் கேட்ரின் ஏரியின் நீர் மென்மையானது. மான்செஸ்டரிலும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே இதே அறிகுறி தோன்றினால் தகட்டின் மறுபுறத்தைச் சந்தேகிக்க வேண்டும்: ரேடியேட்டர்களின் இரும்பு அரித்து உண்டாகும் கரிய சேறு அங்கே சேர்ந்திருக்கலாம். ஒரே அறிகுறி, ஊருக்கு ஊர் வேறு காரணம்.

சூட்டை அளக்கும் உணரி பொய் சொல்வதும் ஒரு காரணமாகலாம். நீர் ஏற்கெனவே சூடாகிவிட்டது என்று அது தவறாகத் தெரிவித்தால் கருவி சுடரைத் தணித்துவிடும். உணரி மலிவான பாகம்; மாற்றுவதும் விரைவில் முடியும். நீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடையில் அடைப்பு, வாயு அழுத்தக் குறைவு போன்றவையும் உண்டு. அவற்றை நாம் அறிய இயலாது. அறிய முற்படவும் கூடாது.

ஏனெனில் நம் சோதனை பாய்லரின் மூடியோடு நின்றுவிட வேண்டும். எரிவாயுக் கருவியின் உள்ளே கை வைக்கும் வேலையைத் தொழிலாகச் செய்பவர் "கேஸ் சேஃப்" பதிவேட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். 2009 ஏப்ரலில் பழைய "கோர்ஜி" பதிவேட்டின் இடத்தில் இது வந்தது. தவறாகக் கையாளப்பட்ட பாய்லரிலிருந்து வெளியேறக் கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக் கூடியது. நம்மிடையே "நானே கழற்றிப் பார்த்துவிடுகிறேன்" என்னும் கைத்திறன் உடையவர்கள் நிறைய. மிக்சியையும் மின்விசிறியையும் பழுது பார்த்த துணிவை இங்கே காட்டலாகாது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பது அவமதிப்பும் அல்ல. அட்டையின் பின்புறத்தில், எந்தெந்த வகைக் கருவிகளில் வேலை செய்ய அவர் தகுதி பெற்றவர் என்று குறித்திருக்கும். அதையும் படியுங்கள்.

இங்கேதான் என் துறை உள்ளே வருகிறது. 1970-இல் பிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் பொருள்களை இரு வகையாகப் பிரித்தார். கத்தரிக்காயை வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியலாம். மாம்பழத்தின் இனிப்பை வாங்கித் தின்ற பிறகே அறியலாம். 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள்: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை அறிய முடியாதவை. மருத்துவரின் அறுவை சிகிச்சையும் மெக்கானிக்கின் பழுதுபார்ப்பும் இவ்வகை. புதிய பாய்லரைப் பொருத்தினால் வெந்நீர் வரத்தான் செய்யும். வந்ததும் நாம் நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுப்போம். சிறு பாகம் ஒன்றை மாற்றியிருந்தாலும் அதே வெந்நீர் வந்திருக்கும் என்பது நமக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை. இவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் என்று சொல்லலாம். டார்பி, கார்னி கட்டுரையின் தலைப்பே வேடிக்கையானது: தடையற்ற போட்டியும் மோசடியின் உகந்த அளவும்!

முதலில் வந்தவர் மோசடிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது நேர்மையான கருத்தாகவே இருந்திருக்கலாம். குறை ஏற்பாட்டில் இருக்கிறது. நோயைக் கண்டறிபவரும் மருந்து விற்பவரும் ஒருவரே. அதுவும் விலையுயர்ந்த மருந்தில் அவருக்கு ஆதாயம் கூடுதல். அரை நாள் குனிந்து சிறு பாகத்தை மாற்றுவதைவிடப் புதிய கருவியை விற்பது அவருக்கு எளிது. நாமும் நோய் என்னவென்று கேட்பதில்லை. "எவ்வளவு ஆகும்" என்றே கேட்கிறோம்.

நாங்கள் அடுத்ததாக அழைத்தவரிடம் மகள் தொலைபேசியில் சொன்னது இது: எல்லாக் குழாய்களிலும் இப்படித்தான், நிமிடத்துக்கு எட்டு லிட்டர் ஓடும்போதும் சூடு நிலைக்கவில்லை, சூடு ஏறியிறங்குகிறது, பர்னர் அணைந்தணைந்து எரிகிறது, ரேடியேட்டர்கள் சூடேறவில்லை, அழுத்தம் சரியாக இருக்கிறது. மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு அவர் தகட்டு வெப்பமாற்றியைக் கையோடு கொண்டுவருவதாகச் சொன்னார். வந்தார், மாற்றினார், சில நூறு பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பழைய பாகத்தை எங்களிடமே விட்டுச் செல்லும்படி கேட்டோம். கழுவுதொட்டியில் தட்டியபோது கோலமாவைப் போல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

எப்போதும் புதியது வேண்டாம் என்பதும் சரியல்ல. உதிரிப்பாகம் கிடைக்காத பழங்கருவி, முதன்மை வெப்பமாற்றியிலேயே கசிவு கண்ட கருவி, ஆண்டுக்கு மூன்று முறை நிற்கும் கருவி ஆகியவற்றை மாற்றுவதே சிக்கனம். ஆனால் வயது மட்டுமே ஒரு கோளாறு ஆகாது. "என்ன பாகம், என்ன பழுது, அதை மட்டும் மாற்றினால் என்ன செலவு" என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகு முடிவெடுக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு நிலைமையே வேறு. மேற்படிப்புக்குச் சென்ற மாணவர்களும், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் வெதுவெதுப்பான நீரில் மாதக் கணக்கில் குளித்துக்கொண்டு, வீட்டு உரிமையாளரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். சிலர் கைக்காசைச் செலவழித்துப் பழுது பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் ஏழாண்டுக்குக் குறைந்த குத்தகைகளில், வீட்டைச் சூடாக்கும் கருவியையும் வெந்நீர்க் கருவியையும் சீராக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை ஒட்டி நெடுங்காலமாக விதி இருந்துவருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்றவரைக் கொண்டு எரிவாயுப் பாதுகாப்புச் சோதனை செய்து, அதன் நகலைக் குடியிருப்போருக்குத் தரவும் வேண்டும். 2022 அக்டோபர் முதல், பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைப்பதும் இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளரின் பொறுப்பே. ஆகவே அவர்கள் செய்ய வேண்டியது, ஜாடியை வைத்து அளந்து, தேதி, நேரம், எந்தக் குழாய், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், சூடு நிலையாக இருக்கிறதா ஏறியிறங்குகிறதா என்பனவற்றைக் குறித்து, வீட்டு உரிமையாளருக்கோ முகவருக்கோ மின்னஞ்சலில் அனுப்புவது. தொலைபேசியில் சொன்னால் பதிவு இருக்காது.